பனங்காட்டிலும் வன்னிக்காட்டிலும் தீ: அணைக்கிறது கடைசி வேலை

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அவ்வளவு விமானமும் பணமும் இருந்தும் காட்டுத்தீயை ஏன் அணைக்க முடியவில்லை, எங்கள் வன்னிக் காட்டுக்கும் பனங்காட்டுக்கும் அப்படி ஓர் ஆபத்து உண்டா, வந்தால் ஊர்ச்சனம் என்ன செய்யலாம், அப்புறம் "காட்டை இடைக்கிடை எரிக்கிறது நல்லது என்று வெளிநாட்டில் சொல்கிறார்களாமே, உண்மையா?" என்று. கடைசிக் கேள்விதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. அது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி ஒருவர் வன்னியில் நெருப்பு வைத்தால் அந்தக் காடு எங்கள் காலத்தில் திரும்பி வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் அணைக்க முடியவில்லை என்பது. தீக்கு வெப்பம் வேண்டும், காற்று வேண்டும், எரிய ஏதாவது வேண்டும். இந்த மூன்றில் வெயிலையும் காற்றையும் மனிதனால் ஒன்றும் செய்ய முடியாது, கையில் இருக்கிறது எரிகிற பொருள் மட்டும்தான். அடுப்பில் தீ கூடினால் நாங்கள் விறகை வெளியே இழுக்கிறோமே, காட்டிலும் அடிப்படை அதுதான். விமானத்திலிருந்து கொட்டுகிற தண்ணீரும் சிவப்பு மருந்தும் தீயின் வேகத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் தரையில் நிற்கிற ஆட்கள் சருகை வழித்து மண் தெரிகிற அளவுக்கு ஒரு பட்டை வெட்டினால்தான் தீ நிற்கும். மரத்தின் உச்சிக்கு உச்சி தாவுகிற தீயின் முன்னால் எந்த விமானமும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அந்த நாடுகளில் இந்த வேலை பார்க்கிறவர்களே சொல்வது அதுதான்: காற்று விழும் வரையோ மழை வரும் வரையோ காத்திருக்கிறோம், அதுவரை சனத்தை நகர்த்துகிறோம்.

கனடாவில் 2023-இல் சுமார் 150 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. முழு இலங்கையின் பரப்பே கிட்டத்தட்ட 66 இலட்சம் ஹெக்டேயர்தான், அதாவது இரண்டு இலங்கைக்கு மேல் ஒரே கோடையில். அங்கே தீயணைப்புக்காரர்கள் பயன்படுத்துகிற ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பம் 30 பாகைக்கு மேல், ஈரப்பதம் 30 வீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல், மூன்றும் ஒன்றாக வந்தால் அன்றைக்குத் தீ யாருடைய சொல்லும் கேட்காது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிற்றன் என்ற சின்ன ஊரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 பாகை பதிவானது, அடுத்த நாள் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. எங்கள் யாழ்ப்பாணத்தில் 30 பாகை என்பது சாதாரணம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றும் சில நாட்களில் அந்த வேகத்துக்கு வரும், ஆனால் மூன்று பக்கமும் கடல் இருக்கிறதால் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவது மிக அரிது. எங்களைப் பெருந்தீயிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிற பெரிய காரணம் அதுதான். வன்னிக்கு உள்ளே போகப்போக அந்தக் கடல் ஈரம் குறையும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

சரி, இவ்வளவு எரிபொருள் அங்கே எப்படிச் சேர்ந்தது? அமெரிக்காவில் 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்ரானா பக்கம் இரண்டு நாட்களில் சுமார் 12 இலட்சம் ஹெக்டேயர் எரிந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு எந்தத் தீயையும் விடக்கூடாது என்ற கொள்கை வந்தது, 1935-இல் அது இன்னும் இறுகி, ஒரு தீ கண்ணில் பட்டால் அடுத்த நாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்றே விதி போட்டார்கள். வைராக்கியமாகச் செய்தார்கள், நன்றாகவும் செய்தார்கள். ஆனால் அந்த மேற்குப்பக்கத்துப் பைன் காடுகள் பலவும் சில வருடத்துக்கு ஒருமுறை தரையோடு மெல்லிய தீ ஓடிச் சருகையும் சிறு செடிகளையும் தின்றுவிட்டுப் போகும் என்ற ஒழுங்கில் வளர்ந்தவை. அந்தச் சின்னத் தீயை நிறுத்தியதும் சருகு ஏறியது, இளமரங்கள் நெருங்கின, தரையிலிருந்து உச்சிக்கு ஏணி வைத்தது மாதிரி எரிபொருள் அடுக்கடுக்காக நின்றது. பிறகு ஒரு பொறி விழுந்தால் சின்னத் தீ என்று ஒன்று இல்லவே இல்லை. 1988-இல் யெலோஸ்ரோன் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ ஓடியபோதுதான் தீ என்றால் என்ன என்று சாதாரண மக்களும் கேட்கத் தொடங்கினார்கள். யெலோஸ்ரோன் கொஞ்சம் வேறு கதை, அந்தக் காடு முன்பிருந்தே நூறு, இருநூறு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எரிந்து திரும்ப முளைக்கிற காடு, அங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காய்கள் பிசினால் ஒட்டிக் கிடந்து நெருப்பின் சூட்டில்தான் விரிந்து விதையைக் கொட்டும். எரிந்த இடம் முழுக்க அடுத்த வருடங்களில் கன்று முளைத்தது.

அப்போ "எரிக்கிறது நல்லது" என்று சொல்கிறார்களே, அது இங்கேயிருந்து வருகிறது. அவுஸ்திரேலியாவின் வடக்கில் ஆர்னம் லாண்டில் பழங்குடி மக்கள் கோடை தொடங்கும்போதே, புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போது, துண்டுதுண்டாக எரித்துவிடுவார்கள். தீ கணுக்கால் உயரம்தான் எழும், மாலையில் பனி விழத் தானே அணையும், பின்கோடையில் பெருந்தீ வந்தாலும் அந்த எரிந்த துண்டுகளில் முட்டி நின்றுவிடும். இதை 2006-இலிருந்து அரசும் ஆய்வாளர்களும் அந்த மக்களோடு சேர்ந்து பெரிய அளவில் செய்துவருகிறார்கள், புகையோடு போகிற மீதேன் மாதிரியான வாயுக்கள் குறைந்ததற்குப் பணமும் கிடைக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர்களும் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குத் தீ வைத்துவந்தவர்கள். 1974-இல் சரணாலயம் ஆக்கி அதை நிறுத்தினார்கள், பிறகு உண்ணிச்செடி காட்டுத்தரையை மூடிவிட்டது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி அழிக்கிறது என்று அந்த மக்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். மேலே சொன்ன காடுகள் எல்லாம் புல்வெளிக் காடு, பைன் காடு, இலையுதிர் காடு. வன்னிக் காடு அதில்லை. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கிற எங்கள் காடு உலர்வலயத்து என்றும்பச்சைக் காடு. ஆடி ஆவணியில் வெளியே நிலம் வெடித்துக் கிடந்தாலும் முதிர்ந்த காட்டுக்குள் போனால் மேலே கிளைகள் மூடியிருக்கும், தரையில் நிழல், புல் மிகக் குறைவு, சருகு மெல்லிசு. அங்கே தீக்குச்சி போட்டாலும் பெரும்பாலும் ஓடாது. ஓடாத இடத்தில் வளர்ந்ததால் அந்த மரங்கள் பலவற்றுக்கும் தீயைத் தாங்குகிற தடித்த பட்டையும் இல்லை. பட்டைக்குள்ளே இருக்கிற உயிருள்ள படலம் ஒருமுறை வெந்தால் மரம் நின்றபடியே சாகும், உடனே தெரியாது, ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்துப் பட்டுப்போகும். பாலை மிக மெதுவாக வளர்கிற மரம். ஒரு பெரிய பாலையின் வயதை எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் கூட ஈடுசெய்ய முடியாது.

இந்தக் காடு எரிய வேண்டும் என்றால் முதலில் யாராவது அதைத் திறக்க வேண்டும். கள்ளத்தனமாக முதிரை தறிக்கிறார்கள், உழவு இயந்திரம் போகப் பாதை வெட்டுகிறார்கள், காடு எரித்துப் பயிர் செய்கிற சேனைக்குத் துண்டு வெளியாக்குகிறார்கள். வெயில் தரைக்கு வந்ததும் இலுக்குப் புல்லும் கினிப் புல்லும் வந்துவிடும். புல் கோடையில் காய்ந்து ஒரு மணி நேர வெயிலிலேயே எரியத் தயாராகும். எரிந்தால் விளிம்பில் நிற்கிற மரம் சாகும், இன்னும் வெளிச்சம், இன்னும் புல். இலுக்கின் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதால் அதற்குத் தீ ஒரு பொருட்டே இல்லை, மழை விழுந்த கையோடு முதலில் தலைகாட்டுவது அதுதான். இப்படி நாலைந்து கோடை ஒரே இடம் எரிந்தால் காடு பின்வாங்கிப் புல்வெளியும் முள்ளுப்பற்றையுமாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், எரித்துக் காப்பாற்றுகிற யோசனை வன்னிக்குப் பொருந்தாது. இங்கே காட்டைக் காக்கிற வழி அதன் கூரையைத் திறக்காமல் வைத்திருப்பதுதான்.

தேக்கந்தோட்டம் வேறு கணக்கு. தேக்கு கோடையில் பெரிய இலைகளைக் கொட்டும், சருகு முழங்கால் வரை கிடக்கும், அடிக்கடி எரியும். தேக்கு தாங்கும், ஆனால் தரை மொட்டையாகிவிடும், ஐப்பசி மழை வந்து அந்த மண்ணையும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு குளத்துக்குள் போடும். இது பலரும் யோசிக்காத விடயம். எங்கள் எரிகிற காலம் ஆனி முதல் புரட்டாசி வரை, உடனே பின்னால் வருவது வருடத்தின் பெருமழை. எரிந்த நிலம் மூடிக்கொள்ள அவகாசமே இல்லை. சாம்பல் பசளை என்று சொல்வார்கள், அதில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது உண்மை, ஆனால் நைதரசன் பெரும்பகுதி புகையோடு போய்விடும், மிச்சத்தை முதல் இரண்டு மழை கழுவிவிடும். இரணைமடு, முத்தையன்கட்டு மாதிரிக் குளங்களின் மேற்பகுதிக் காடு எரிந்தால் அதன் விலையைக் கீழே வயல் செய்கிறவர்தான் கொடுப்பார், சேறு தூர்ந்த குளமாக.

இனிப் பனங்காட்டுக்கு வருகிறேன், தம்பி கேட்டதும் அதைத்தானே. பனை தீயைத் தாங்குகிற மரம், அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற மரங்களுக்குப் பட்டைக்குக் கீழே ஒரு வளையமாக உயிர்ப்படலம் இருக்கிறது, அது வெந்தால் முடிந்தது. பனைக்கு அந்த வளையம் இல்லை, நீரும் உணவும் போகிற நார்க்கட்டுகள் தண்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. வெளியே கருகினாலும் உள்ளே ஓட்டம் நிற்காது. ஆனால் பனைக்கு உயிர் ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில். போரில் ஷெல் பட்டுத் தலை போன பனைகள் கம்பம் கம்பமாக நின்றதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது, அவற்றில் ஒன்றுகூடத் திரும்பத் தளிர்க்கவில்லை. அதே காலத்தில் அடி முழுக்க எரிந்து கரியாக நின்ற பனைகள் இன்றைக்கும் நுங்கு தருகின்றன. முளைக்கும்போதுகூடப் பாருங்கள், பனங்கொட்டை மண்மேல் கிடக்க, முளை கீழே இறங்கிக் கிழங்காகி, அங்கேயிருந்துதான் குருத்து மேலே வருகிறது. நாங்கள் கிழங்கு கிண்டும்போது அதைத்தான் தோண்டுகிறோம். மேலே தீ ஓடினாலும் கீழே உயிர் பத்திரம்.

அப்படியென்றால் பனங்காடு எரிந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். வடலிப் பருவம், அதாவது இளம்பனைப் பருவம்தான் ஆபத்து. குருத்து நிலத்தை விட்டு எழும்பி, ஆனால் இன்னும் ஆள் உயரத்திலேயே இருக்கிற வடலியைச் சுற்றிக் காய்ந்த ஓலையான காவோலை பாவாடை மாதிரித் தொங்கும், அதில் தீ பிடித்தால் குருத்து நேராக அந்தச் சூட்டுக்குள் இருக்கும். ஒருமுறை தப்பும், மூன்றாம் முறை தப்பாது. பெரிய பனையிலும் காவோலையும், மட்டையடியில் வலை மாதிரி இருக்கிற பன்னாடையும், மட்டையின் அடித்துண்டான கங்குமட்டையும் கழிக்காமல் விட்டால் தீ அதைப் பிடித்துக்கொண்டு உச்சி வட்டுக்கு ஏறும், ஏறினால் எங்கள் தீயணைப்பு வண்டிகளால் அதை எட்டுவதே பெரும்பாடு. அங்கிருந்து பன்னாடைத் துண்டுகள் பொறியாகப் பறந்து சோளகத்தில் நாலு வளவு தாண்டி விழும். கிடுகு வேலியோ ஓலைக் கொட்டிலோ கிடைத்தால் போதும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுகிற விடயம் ஒன்று. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கீழே விழுந்த காவோலை ஒன்றுகூடச் சும்மா கிடந்ததில்லை. வேலி அடைக்க, கூரை வேய, அடுப்பெரிக்க, புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்க, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் ஓலை வேண்டும், பனங்கொட்டையின் வெறும் கோதான ஊமல்கூடக் கரிக்குப் போனது. அந்தத் தேவைதான் பனங்காட்டைத் துப்புரவாக வைத்திருந்தது, யாரும் அதைத் தீத்தடுப்பு என்று நினைத்துச் செய்யவில்லை. இன்றைக்கு மதில், ஓடு, தகரம், எரிவாயு. சீவுகிறவர் குறைந்துவிட்டார், ஏறி ஓலை வெட்டுகிறவரும் குறைந்துவிட்டார், காணிக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ. ஓலை மட்டும் வருடாவருடம் விழுந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஒருவர் குப்பைக்கு நெருப்பு வைத்துவிட்டு உள்ளே போனால் காடு எரியாமல் என்ன செய்யும்?

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. போர்த்துக்கலின் நடுப்பகுதிக் கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போக, ஆடு மேய்க்க ஆளில்லாமல் நிலம் பற்றையாகி, மிச்சத்தில் யூக்கலிப்டஸ் தோட்டம் நெருங்கி நின்றது. 2017 ஜூன் 17 அன்று பெட்ரோகாவ் கிராண்டே என்ற இடத்தில் பிடித்த தீயில் 66 பேர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் காரில் தப்பி ஓடும்போது வீதியிலேயே அகப்பட்டவர்கள். அதன் பிறகு 2018-இல் அவர்கள் கொண்டுவந்த திட்டம் எனக்குப் பிடித்தமானது. பெரிய கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊரவரிலேயே ஒரு பொறுப்பாளர், கூடுவதற்கு ஒரு பாதுகாப்பான கட்டடமோ வெளியோ, எந்தப் பாதையால் போவது, நடக்க முடியாத வயதானவர் எந்த வீட்டில் இருக்கிறார், யார் அவரைத் தூக்குவது என்ற பட்டியல், வருடம் ஒரு ஒத்திகை. ஹவாயில் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரம் எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்ததும் இதே வகைக் கதை. கரும்புத் தோட்டங்கள் கைவிடப்பட்ட நிலத்தில் கினிப் புல் மாதிரி வெளிநாட்டுப் புற்கள் ஆள் உயரம் வளர்ந்து காய்ந்து நின்றன, பலத்த காற்றில் மின்கம்பி விழுந்தது.

இனி எங்களுக்கென்றே உள்ள ஓர் ஆபத்து. முகமாலைப் பக்கமும் இன்னும் சில இடங்களிலும் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடக்கிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை போட்ட காணிக்குள் தீ ஓடினால், பனை எரியட்டும், வடலி எரியட்டும், ஒருவரும் உள்ளே போகக்கூடாது. சூட்டில் வெடிக்கக்கூடிய பழைய ஷெல்கள் கிடக்கலாம். ஜேர்மனியிலேயே பழைய இராணுவப் பயிற்சி நிலங்களில், உதாரணமாக யூற்றர்போக் பக்கம், தீ பிடித்தால் தீயணைப்பு வண்டிகள் தூரத்திலேயே நின்றுகொள்கின்றன. அவ்வளவு வசதியுள்ள நாடே அப்படிச் செய்கிறது. இன்னொன்று, எரிந்து முடிந்த காணி வெளியாகத் தெரியும், "எல்லாம் எரிந்துபோச்சு, இனிப் பயமில்லை" என்று விறகு பொறுக்கவும் இரும்பு பொறுக்கவும் போவார்கள். தீ கண்ணிவெடியை அழிப்பதில்லை. சில வேளை இன்னும் மோசமான நிலையில் விட்டுவைக்கும். பிள்ளைகளுக்கு இதைத் திருப்பித்திருப்பிச் சொல்லுங்கள்.

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுச் சவுக்கம் காட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மணல்மேடு நகர்ந்து பழைய தேவாலயத்தையே மூடிய ஊர் அது. மணலைப் பிடித்துவைக்கச் சவுக்கு எவ்வளவு வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சவுக்கு பனை மாதிரி இல்லை, தீ பட்டால் சாகும், அதன் ஊசிச்சருகு மெத்தை மாதிரிக் கிடந்து கனன்று எரியும். சுற்றுலா போய் அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கிறவர்கள், தயவுசெய்து வேண்டாம்.

யார் நெருப்பு வைக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் எளிது, மனிதர்தான். மின்னலால் காடு பிடிப்பது இலங்கையில் அபூர்வம், எங்கள் மின்னல் மழையோடுதான் வரும். புதுப்புல் தளிர்க்க மேய்ச்சல்காரர் வைப்பது, மான் முயல் வரட்டும் என்று வேட்டைக்காரர் வைப்பது, சேனை எரிப்பது, தேன் எடுக்கப் பந்தம் கொண்டுபோவது, சிகரெட், வளவுக் குப்பை, இவைதான். வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. ஒரு காணி எரிந்தால் பிறகு அதை யார் துப்புரவு செய்து கம்பி அடிக்கிறார்கள் என்று ஊர் கவனிக்க வேண்டும். இத்தாலியில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எரிந்த காட்டு நிலத்தை 15 வருடத்துக்கு வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது என்கிறது. எரிக்கிறதால் இலாபம் இல்லை என்று ஆக்கிவிட்டால் எரிக்கிறவர் குறைவார். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காட்டுக்குத் தீ வைப்பது 1907-ஆம் ஆண்டுக் காடுகள் கட்டளைச் சட்டத்தின் கீழேயே குற்றம்தான், ஆனால் கையும் களவுமாகப் பிடிப்பது நடக்கிற காரியமா?

அதனால்தான் சட்டத்தை விட ஊர்ச்சனத்தின் பங்கைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். இந்தியாவின் குமாவோன் மலையில் 1910-களில் ஆங்கில அரசு காட்டை ஒதுக்கி, மேய்க்கவும் புல்லறுக்கவும் விறகெடுக்கவும் தடை போட்டது. 1921-இல் சனம் கொதித்துப் பெரும் பரப்பில் பைன் காட்டை எரித்தார்கள். கடைசியில் அரசு இறங்கிவந்து, 1931-இலிருந்து கிராமமே பார்த்துக்கொள்கிற காட்டுப் பஞ்சாயத்துகளுக்கு இடம் கொடுத்தது. காடு தன்னுடையது இல்லை என்று ஆனவனுக்கு அது எரிந்தால் என்ன? வன்னியிலும் ஒரே இரவில் எல்லைக்கல் போட்டு, பரம்பரையாக வயல் செய்த காணியையும் மேய்ச்சல் தரவையையும் காடு என்று அறிவித்தால், தீ கண்டால் முதலில் ஓடிவர வேண்டிய ஆள் வராமல் நிற்பான். அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும். மேய்ச்சல்காரருக்கு என்று தரவை ஒதுக்கிக்கொடுத்தால் அவர் ஏன் காட்டுக்குள் நெருப்பு வைக்கப் போகிறார்?

ஊரில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். சித்திரை வைகாசியிலேயே, சோளகம் வலுக்க முன்னம், பனங்காணியின் கரையைச் சுற்றி உழவு இயந்திரத்தால் இரண்டு மூன்று சாலாவது ஓட்டி வெறும் மண்ணாக்குங்கள், முக்கியமாகக் காற்று வருகிற பக்கத்திலும் ஒழுங்கைக் கரையிலும். வடலிகளில் தொங்குகிற காவோலையைக் கழித்து எடுங்கள், வெட்டினதைக் குவித்து அங்கேயே எரிக்க வேண்டாம், தோட்டத்துக்குத் தாழுங்கள் அல்லது தென்னையடியில் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற காணிக்காரர் கோயிலுக்கு அனுப்புகிற மாதிரி வருடத்தில் ஒருமுறை இதற்கும் கொஞ்சம் காசு அனுப்பலாம், ஓலை வெட்டுகிற தொழிலாளிக்கும் வேலை. வீட்டைப் பொறுத்தவரை, அமெரிக்க வனச்சேவையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் பல வருடம் எரிந்த ஊர்களைப் பார்த்துச் சொன்னது, வீடுகள் பெரும்பாலும் தீச்சுவரால் எரிவதில்லை, பறந்து வருகிற பொறியால் எரிகின்றன, வீட்டிலும் அதைச் சுற்றி முப்பது மீற்றருக்குள்ளும் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது என்று. எங்கள் கணக்கில் அது பீலிக்குள் கிடக்கிற சருகு, சுவரோடு அடுக்கின விறகு, குசினிப் பத்தியின் ஓலை, வேலியோரத்துக் கங்குமட்டைக் குவியல்.

தீ பிடித்துவிட்டால், முதலில் அறிவியுங்கள். தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119. கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். வண்டி வரும் வரை சின்னத் தீயை ஊரே அடக்கலாம், ஆனால் தீயின் முகத்துக்கு நேரே ஒருநாளும் போகாதீர்கள். எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து உள்ளிட்டு, இரண்டு பக்கவாட்டாலும் நெருக்கிக்கொண்டு போக வேண்டும், ஓட வேண்டிவந்தால் ஓடுகிற இடம் ஏற்கனவே கரியான நிலம்தான். பச்சைக் குழையாலோ நனைத்த சாக்காலோ அமத்தி அணையுங்கள், ஓங்கி அடித்தால் பொறி சிதறும். நைலோன் உடுப்பு, ரப்பர்ச் செருப்பு வேண்டாம், பருத்தி உடுப்பும் சப்பாத்தும் போடுங்கள். ஒருவர் தள்ளி நின்று காற்றை மட்டும் பார்க்க வேண்டும், பின்னேரத்தில் கடற்காற்று திரும்பும்போதுதான் ஆட்கள் அகப்படுகிறார்கள். இன்னொரு குழு காற்று போகிற பக்கத்து வேலிகளையும் கொட்டில்களையும் நனைத்துக்கொண்டு நிற்கட்டும். இரவில் ஈரம் ஏறித் தீ படுத்துவிடும், விடிய வெள்ளாப்பில் போய் மிச்சத்தை முடிக்கிறது சுலபம். கழுவிச் சுத்தமாக்கிய, மருந்தடிக்கிற முதுகுத் தெளிகருவி இதற்கு நல்ல ஆயுதம். ஊமலும் அடிக்கட்டையும் நாள்கணக்கில் உள்ளே கனலும், கிண்டித் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப்பார்த்துச் சூடு இல்லை என்று கண்ட பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அணைந்துவிட்டது என்று போன தீ மத்தியானக் காற்றில் திரும்ப எழும்பினதுதான் பல இடங்களில் பெரிய சேதம்.

வெளியேற வேண்டிவந்தால் நேரத்தோடு வெளியேறுங்கள். 2009 பெப்ரவரி 7 அன்று அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாவில் 173 பேர் செத்தார்கள். நின்று வீட்டைக் காப்பாற்றலாம் என்று நின்றவர்களும், கடைசி நிமிடத்தில் ஓடினவர்களும் அதில் நிறைய. அதன் பிறகுதான் அங்கே "முன்னமே போய்விடு" என்பதை முதல் வார்த்தையாக்கினார்கள். கனடாவில் 2016 மே மாதம் போர்ட் மக்மரேயில் 80,000 பேருக்கு மேல் ஒரு பெருவீதியை நம்பி வெளியேறினார்கள், தீயில் எரிந்து ஒருவரும் சாகவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்ததும் நினைவிருக்கட்டும். சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதை விட வேகமாக ஏறும், சரிவு 10 பாகை கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். எங்கள் நிலம் தட்டை, ஆனால் எல்ல, பதுளைப் பக்கம் பைன் காட்டுக்கும் பத்தனைப் புல்வெளிக்கும் சுற்றுலா போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

புகையைப் பற்றிச் சனம் அவ்வளவாக யோசிப்பதில்லை. அவுஸ்திரேலியாவின் 2019–20 கோடைத் தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர், புகையால் கூடுதலாக இறந்தவர்கள் 417 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பத்து மடங்குக்கு மேல். அந்த நுண்துகள் சுவாசப்பையைத் தாண்டி இரத்தத்துக்குள்ளேயே போகிறது. இழுப்பு உள்ள பிள்ளைகள், இருதய வருத்தக்காரர், கர்ப்பிணிகள் இவர்களைத்தான் முதலில் அந்த இடத்திலிருந்து கொண்டுபோக வேண்டும். நனைத்த துணி மூக்கில் கட்டுவது பெரிதாக உதவாது, கொரோனா காலத்து என்-95 முகக்கவசம் உதவும். குப்பையோடு பொலித்தீனும் சேர்ந்து எரிகிற புகை இன்னும் நஞ்சு.

எரிந்த பிறகு அவசரப்படாதீர்கள். புல்டோசர் விட்டு "துப்புரவு" செய்வதுதான் எரிந்த காட்டுக்குச் செய்கிற இரண்டாவது கொலை. கருகின வடலியை உடனே தறிக்க வேண்டாம், ஒரு மாரி பொறுங்கள், நடுக்குருத்து எழும்பினால் அது பிழைத்துவிட்டது. அந்த மாரி முழுக்க ஆடுமாடு உள்ளே போகாமல் பாருங்கள், இளந்தளிரை அவை கடித்தால் மிச்ச உயிரும் போகும். நட்சத்திர ஆமை, உடும்பு, பாம்புகள் எரிந்த காட்டிலிருந்து வளவுக்குள் வரும், அடிக்காமல் ஓரமாகப் போகவிடுங்கள். வெறுமையான இடங்களில் ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழுகிற நேரமாகப் பார்த்து விதையைப் பொறுக்கி, மழைக்கு முன்னம் ஊன்றிவிடுங்கள். வன்னிக் காட்டின் விளிம்பில் என்றால் முதலில் இலுக்கை நிழலால் அடக்குகிற உள்ளூர் மரங்கள் வரட்டும், பாலையும் வீரையும் பறவை கொண்டுவந்து போடும்.

தம்பி, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இதைப் பேச நினைத்தால் பங்குனி கடைசிக்குள் பேசுங்கள், பிந்தினால் உழவு இயந்திரம் கிடைப்பது கஷ்டமாகிவிடும். பெட்டிசம் எழுதுவதென்றால் பிரதேச சபையிடம் முதலில் கேட்க வேண்டியது, கோடை முடியும் வரை ஒரு தண்ணீர் பவுசரை நிரப்பி உங்கள் பக்கம் நிறுத்தி வைப்பது. தென்மராட்சிக் கிழக்கு எல்லைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வந்து சேர எடுக்கிற நேரத்தில் ஒரு வடலிக்காடு முடிந்துவிடும்.